வரப்பில் நிற்பவருக்கு மறைவு உண்டா?

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாட்டின் கொம்புக்கு எனக்குப் பயமில்லை. கால்நடை மருத்துவராக ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன்; இரண்டு முறை முட்டு வாங்கியிருக்கிறேன், அதில் ஒரு முறை விலா எலும்பில் விரிசல் விட்டது. கட்டுப் பிரித்த மறுநாளே அதே மாட்டுக்கு ஊசி போடப் போனேன். ஆனால் மனிதர் யாராவது குரலை உயர்த்தினால் அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவேன். உயர்த்தாமல் தாழ்த்தினால் இன்னும் மோசம். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பிடித்து நடுவராகப் போட்டார்கள் என்றால் அவர்கள் புத்தியை என்னவென்று சொல்வது.

நடுவர் வேலை மேசைப் போர் விளையாட்டுக்கு. ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். அளவு நாடாவை நீட்டி அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சுட வேண்டும், ஆறு சுற்று முடிந்ததும் யார் கையில் எந்த இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் விடுதியில் ஒரு சீனியர் அக்கா ஒரு பெட்டி நிறையச் சிப்பாய்களோடு வந்தார். எனக்குக் கை நடுங்காது என்பதால் அந்தச் சிப்பாய்களுக்குக் கண் வரையும் வேலை கொடுத்தார். கடுகளவு முகத்தில் இரண்டு கண். அப்படித்தான் உள்ளே வந்தேன், வெளியே போகத் தெரியவில்லை.

பிறகு தஞ்சாவூரில் ஒரு குழு சேர்ந்தது. பதினாறு பேர். நாகூரில் கைபேசிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்பவர். போட்டி வைக்கலாம் என்று அவர் ஆரம்பித்தபோது, விளக்கத் தாள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இந்த விளையாட்டின் விதிப்புத்தகம் தலையணை கனம், முழுக்க ஆங்கிலம். இருந்தும் பாதி விஷயம் தெளிவாக இருக்காது. ஆகவே போட்டி நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஒரு தாள் வெளியிடுவார்கள்: மேசையைவிட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது, ஈட்டி முனையிலிருந்து அளக்கக் கூடாது, அடுத்தவர் சிப்பாயைத் தொடுமுன் கேட்க வேண்டும் என்று இந்த மாதிரி. எங்கள் தாள் நாலு பக்கம். தமிழிலும் எழுதினேன், ஆங்கிலத்திலும் எழுதினேன். "இத்தாளில் மாற்றப்படாத அனைத்துக்கும் விதிப்புத்தகமே முடிவு" என்று தலைப்பில் ஒரு வரி போட்டேன். போடும்போது பெருமையாக இருந்தது. பின்னால் அந்த வரிதான் என் கழுத்தைப் பிடித்தது.

மேசைமேல் வைக்கும் நிலப்பரப்பை நாங்களே செய்தோம். தென்னந்தோப்பு, வாய்க்கால், நெல்லடிக்கும் களம். நெல்வயலுக்குப் பிளாஸ்டிக் புல்விரிப்பைச் சதுரமாக வெட்டி அட்டையில் ஒட்டி, நாலு பக்கமும் களிமண்ணில் வரப்பு வைத்தோம். பதினோராவது விதி இது: வயலுக்குள் நிற்கும் படைக்கு மறைவு உண்டு. வெட்டவெளியில் நிற்பவரைச் சுடப் பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் போதும். மறைவில் இருப்பவர்மேல் குண்டு பட ஐந்தோ ஆறோ விழ வேண்டும்.

தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் நாகூர் நண்பர் படித்துப் பார்த்தார்.

"வரப்பு மேல நின்னா என்ன கணக்குன்னு ஒரு வரி போட்டுடுங்களேன்" என்றார்.

நான் சிரித்தேன். "வரப்புல நிக்கிறவனுக்கு என்னங்க மறைவு? இதைப் போயி எழுதுவாங்களா?"

அவர் கடற்கரை ஊர்க்காரர், வயல் அவருக்கு ரயில் ஜன்னலில் பார்த்ததுதான் என்று கிண்டல்கூடச் செய்தேன். எங்கள் பக்கத்தில் வரப்பில் நடப்பவன் நாலு ஊருக்குத் தெரிவான். மூன்று வருஷமாக எங்கள் குழுவில் எல்லோரும் அப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தோம். வரப்பு என்றால் வெட்டவெளி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

இனி அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர், ஓய்வுபெற்ற பொறியாளர். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய ஒரு பெட்டியிலிருந்து தொடங்கி, இன்று இருநூறு சிப்பாய்கள் வைத்திருக்கிறார். குதிரைகளுக்கு அவர் வண்ணம் தீட்டுவதைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஏமாற்ற மாட்டார். ஒரு முறை தன் நாடா கால் அங்குலம் தள்ளியிருந்ததைத் தானே சொல்லித் தோற்றவர். அவருடைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் எங்கள் போட்டி நடக்கும், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து.

அவர்தான் எங்கள் நிலத்துக்காரரும். என் தாத்தா அவர்கள் பண்ணையில் ஆளாக இருந்தார். அப்பா இருபத்திரண்டு வருஷமாக அவருடைய ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குச் செய்கிறார். என்னை டாக்டருக்குப் படிக்க வைத்தது அந்த ஆறு மா. குத்தகைக்குச் சீட்டு எதுவும் கிடையாது. வருஷாவருஷம் ஆற்றில் தண்ணீர் வருமுன் அப்பா தஞ்சாவூருக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நிற்பார். அவர் வெளியே வந்து "சரி, பண்ணிக்க" என்பார். அவ்வளவுதான் பத்திரம்.

குழுவில் அவர் என்னை "டாக்டரம்மா" என்பார், "வாங்க, உக்காருங்க" என்பார். அப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் "உங்கப்பன் வந்தான், போனான்" என்பார். நான் மண்டபத்தில் அவரை "சார்" என்பேன். ஊரில் எதிர்ப்பட்டால் என் வாய் தானாக "அய்யா" என்றுவிடும். இதெல்லாம் எனக்கு உறைக்காமல் இல்லை. உறைத்தால் என்ன செய்வது என்று தெரியாததால் பேசாமல் இருந்தேன்.

அந்த வருஷம் போட்டி ஜூன் மாத முதல் ஞாயிறு. அவர் இன்னும் "பண்ணிக்க" சொல்லவில்லை. நிலத்தையெல்லாம் மொத்தமாக ஒரே ஆளுக்கு விட்டுவிடப் போகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. அப்பா இரண்டு முறை போய், வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பி வந்திருந்தார். ராத்திரியெல்லாம் இருமுவார், கேட்டால் தூசி என்பார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த நிலம் போனால் அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. என் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளும் இல்லை அவர்.

கடைசி ஆட்டத்தில் முதல் மேசையில் அவரும் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் மோதினார்கள். மென்பொருள் வேலை பார்ப்பவர், முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். ஜெயிப்பவர் பெங்களூரில் நடக்கும் பெரிய போட்டிக்கு நேராகப் போகலாம். நிலத்துக்காரருக்கு அந்த ஆசை மூன்று வருஷமாக இருந்தது. மகனிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததைக் காலையில் நானே கேட்டேன்.

ஆட்டத்தின் ஆறாவது சுற்று. களத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு நாலே துப்பாக்கிக்காரர்கள் மிச்சம். நாலு பேரும் களத்தை ஒட்டிய வயலின் ஓரத்தில், களிமண் வரப்பின்மேல் நின்றார்கள். நிலத்துக்காரருக்கு நாலு பகடை. மூன்று பேரை வீழ்த்தினால் களம் அவருடையது, போட்டியும் அவருடையது.

"என் ஆளுங்களுக்கு மறைவு உண்டுங்களே" என்றார் அந்தப் பெண்.

நிலத்துக்காரர் சிரித்தார். "வரப்புல நிக்கிறவனுக்கு என்னம்மா மறைவு? ஊரே பாக்கும்!"

சுற்றி நின்ற எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை, கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார்.

நான் போனேன். அந்தப் பெண் விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். நிலப்பரப்புத் துண்டின் எந்தப் பகுதியைத் தொட்டு நின்றாலும் அதற்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று இருந்தது. வரப்பு வயலோடு ஒரே அட்டையில் ஒட்டியிருந்தது, நானே ஒட்டியது. வரப்பைப் பற்றி என் தாளில் ஒரு வார்த்தை இல்லை. மாற்றப்படாத அனைத்துக்கும் விதிப்புத்தகமே முடிவு. சந்தேகத்துக்கே இடமில்லை, அந்தப் பெண் பக்கம்தான் நியாயம். நாகூர் நண்பர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தது அப்பாவை. அவர் அங்கே இல்லை என்றாலும், அந்த வீட்டு வாசலில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நிற்பது எனக்குத் தெரிந்தது. நிலத்துக்காரர் இன்னும் "பண்ணிக்க" சொல்லவில்லை.

"இங்க மூணு வருஷமா வரப்புன்னா வெட்டவெளின்னுதாங்க விளையாடறோம்" என்றேன். "மறைவு கிடையாது."

"அது எங்கேங்க எழுதியிருக்கு?" என்றார் அந்தப் பெண். சண்டைக்கு இல்லை, உண்மையாகவே தேடுகிற குரலில். "உங்க தாளை மூணு தடவை படிச்சிட்டு வந்தேனுங்க. அதை நம்பித்தானுங்க இவங்களை அங்க நிறுத்தினேன்."

"நடுவர் முடிவே இறுதி" என்றேன். அதுவும் தாளில் இருந்தது. அதை மட்டும் எழுத மறக்கவில்லை.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "சரிங்க" என்று புத்தகத்தை மூடினார். அந்த ஒரு "சரிங்க"வுக்குப் பதிலாக அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நிலத்துக்காரர் பகடைகளைக் கையில் எடுத்துக் குலுக்கினார். குலுக்கியபடியே என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சந்தோஷமாகச் சொன்னார்: "உங்கப்பன் வளர்ப்பு அப்படி. எங்க எப்படி நடந்துக்கணும்னு தெரியும்."

அவர் மிரட்டவில்லை. பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். காது இரண்டும் சுட்டது. அப்பா பெயரை வைத்துக்கொண்டு ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கையிலிருந்து நான் எதையோ பிடுங்கிக் கொடுத்திருந்தேன். அப்பா அப்படி யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்கியதில்லை.

"சார், உருட்டாதீங்க" என்றேன்.

குரல் கீச்சென்று வந்தது. கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் கை குலுக்குவதை நிறுத்தியது.

"நான் சொன்னது தப்பு. தாள்ல வரப்பைப் பத்தி எழுதல. எழுதாம விட்டது என் தப்பு. எழுதாததுக்கு விதிப்புத்தகம்தான் முடிவு. வரப்புல நிக்கிறவங்களுக்கு மறைவு உண்டு. அஞ்சோ ஆறோ விழணும்."

"என்ன டாக்டரம்மா, நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்றீங்க?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சத்தம் போட்டார். இன்னொருவர் நான் கோயம்புத்தூருக்குக் கூஜா தூக்குவதாகச் சொன்னார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நிலத்துக்காரர் உருட்டினார். இரண்டு, நாலு, ஐந்து, மூன்று. ஒருவன் விழுந்தான். மூன்று பேர் வரப்பிலேயே நின்றார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மூன்று பேர் விழுந்திருப்பார்கள். அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும். மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அவர் அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தார். "நல்லா ஆடினீங்க" என்றார். தன் குதிரைகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். எல்லோரும் டீ குடிக்க வெளியே போன பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"எழுதினதுதான் செல்லும். இல்லையா டாக்டரம்மா? நல்ல விதி." மேசையிலிருந்த தாளை விரலால் தட்டினார். "உங்கப்பன்கிட்ட என்ன எழுத்து இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். நான் முடிவுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கடுகளவு கண் வரைகிற கை. என் பெயரையே எழுத வரவில்லை. நாகூர் நண்பர் வந்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஊருக்குப் போகிற பேருந்தில் அப்பாவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்தபடி வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொம்மைச் சிப்பாய்க்காக ஆறு மாவைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அழுதேன். அப்பா சோற்றுத் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோயமுத்தூர்ப் பொண்ணு ஜெயிச்சிதா?" என்றார்.

"ஜெயிச்சிது."

"எழுத்து இல்லேங்கிறது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவத்திரண்டு வருஷமா அந்தப் பயத்துலதான் தூங்கறேன். உனக்கு இன்னைக்குத்தான் வந்திருக்கு." சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அந்த விளையாட்டுக்கு எழுதினியே, அதுமாதிரி எனக்கு ஒண்ணு எழுது."

எழுதினேன். அரைப் பக்கம், ஐந்தே வரி. எந்த நிலம், எவ்வளவு, எத்தனை வருஷம், அறுப்பில் எத்தனை மூட்டை அளப்பது, பயிர் நிற்கும்போது நிலத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது. எதையாவது விட்டுவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா ஐந்தாவது வரியை மட்டும் மூன்று முறை படித்துக் காட்டச் சொன்னார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் தஞ்சாவூர் போனோம். இந்த முறை நிலத்துக்காரர் வீட்டில் இருந்தார். கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் வெளியே வந்து தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது என்ன, உங்க கிளப் தாளா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தாங்கய்யா எழுதச் சொன்னேன்" என்றார் அப்பா.

"இத்தனை வருஷம் என் வாய்ச் சொல்லு போதாமயா இருந்துச்சு?"

"போதும்ங்கய்யா. பாப்பாதான் பயப்படுது."

"நான் கையெழுத்துப் போடலேன்னா?"

அப்பா துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நாத்து விட்டாச்சுங்களே அய்யா. போர்செட்டுத் தண்ணியில. முளைச்சு வெரக்கடை உயரத்துக்கு நிக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் உத்தரவு இல்லாமல் அவர் நிலத்தில் நாற்றுவிடுவதா? அதற்கே நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளலாமே. ஆனால் எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, அதுவும் எங்கேயும் எழுதியில்லை. முளைத்துவிட்ட நாற்றை அழித்து ஒருவனை வெளியேற்றினால் ஊர் காறித் துப்பும். எவ்வளவு பெரிய நிலத்துக்காரரும் அதற்குத் துணிய மாட்டார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் அப்பாவையே வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்பாவை அவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாவின் கால்கள் தெரிந்தன. என் கால்களைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"பேனா இருக்கா?" என்றார் அவர்.

கொடுத்தேன். எத்தனை வருஷம் என்று நான் எழுதியிருந்த இடத்தில் மூன்றை அடித்து ஒன்று என்று போட்டார். கீழே கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் தராமல் அப்பாவிடம் நீட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினோம். அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு நடந்தார். நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எங்கிட்டக்கூடச் சொல்லாம எப்பப்பா நாத்து விட்ட?"

அப்பா இரண்டு பக்கமும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார்.

"விதைநெல்லே இன்னும் ஊறப் போடல பாப்பா" என்றார். "பஸ்ஸு சீக்கிரம் வந்தா தேவல."